பர்லியார் வழியாகக் குன்னூர்

பூகோளத்தை நடிக்க வைத்துக் கற்றுத்தருவது எஸ்டேட் பள்ளி வாத்தியார் சுபுஹானின் யோசனை. அது சரிதானா என்ற சந்தேகமும் அவருடையதே. துரையிடம் கெஞ்சி வாங்கிய அனுமதி அது. இன்று வந்திருக்கும் பள்ளி இன்ஸ்பெக்டர் தலையாட்டாவிட்டால், நாளை முதல் மறுபடியும் பிரம்பும் மனப்பாடமும்தான்.

வாசற்படி மேட்டுப்பாளையம், நடுவிலிருந்த பெஞ்சு பர்லியார், மேசை குன்னூர். பிள்ளைகள் அவரவர் வீட்டார் மலையேறி வந்ததை நடந்தது போலவே நடித்துக் காட்ட வேண்டும்.

பேச்சியும் செல்லக்கண்ணுவும் தலையில் மூட்டையோடு புறப்பட்டார்கள். பர்லியார் வந்ததும் செல்லக்கண்ணு பெஞ்சில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன வாத்தியாரே, பாடம் நடத்துறீங்களா, தாலாட்டுப் பாடுறீங்களா?" இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

சுபுஹானுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏ புள்ள, எந்திரி! குன்னூரு போக வேண்டாமா?"

"எழுப்பாதீங்க சார்," என்று பேச்சி குறுக்கே வந்தாள். "நான்தானுங்க படுக்கச் சொன்னேன். இப்ப அவதான் எங்கம்மா. காச்சலோட அங்கதான் படுத்தாங்க. அப்பன் எழுப்பி எழுப்பிப் பாத்தாருங்க."

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது.

பேச்சி மூட்டையிலிருந்த கம்பளியை எடுத்து, செல்லக்கண்ணுவின் முகத்தையும் சேர்த்துப் போர்த்தினாள். ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தனியாக நடந்து போய் மேசையைத் தொட்டாள்.

"குன்னூருங்க சார்."

சொல்லிவிட்டு, விடை சரிதானா என்று சுபுஹானின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.