புது ஆள் வேண்டாம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் டீமுக்குப் புது ஆள் வேண்டாம் என்று ஃபோர்மேன் அடம்பிடித்தது மேனேஜருக்குப் புரியவில்லை.

"நாலு பேர் வேலையை மூணு பேர் இழுக்கிறீங்களே, கஷ்டமா இல்லையா?"

"ஆரம்பத்துல நாங்க நாலு பேரும் எலியும் பூனையும்தான் மேடம். ஸ்பேனர் கேட்டாக்கூட எடுத்துத் தர மாட்டோம். போகப்போக, கேக்கவே வேண்டாம்னு ஆயிடுச்சு."

"அப்படி ஒத்துப்போன அந்த நாலாவது ஆள் ஏன் வேலையை விட்டார்?"

"விடல மேடம். போன வருஷம் இந்த லிஃப்ட் குழியில விழுந்து செத்துத்தான் போனார்."

மேனேஜர் திகைத்துப்போய்க் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே தனியாகக் குனிந்திருந்த மெக்கானிக், திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். தரையில் கிடந்த ஸ்பேனர் மெல்ல எழும்பி அவர் கையில் வந்து உட்கார்ந்தது.

"தேங்க்ஸ் மாப்ளே," என்றார் மெக்கானிக்.