ஆளுக்கொரு டப்பா

"மாத்திரையை யாராவது சப்புவாங்களா டாக்டரம்மா? எங்க வீட்டு மனுசன் சப்புவாரு."

எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ஜிபி சிரித்துவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த கத்தரீனாள் சிரிக்கவில்லை. அவள் கையில் சுற்றியிருந்த பிரஷர் பட்டை இறுகி, மெல்லத் தளர்ந்தது.

"அவருக்குக் கசக்காதா?"

"அதைத்தான் நானும் கேப்பேன். 'கசப்பெல்லாம் எனக்குப் பழகிப்போச்சுடி'ம்பாரு. காலையில ஜெபம் முடிஞ்சதும் பாலில்லாம கட்டன் சாயா போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் ஒண்ணா உக்காருவோம். நான் ஒரே முழுங்குல முழுங்கிருவேன். அவரு சாயா தீருற வரைக்கும் வாயில போட்டு உருட்டுவாரு. மாடு மாதிரி அசை போடாதீங்கன்னு ஏசுவேன்."

பேக்டரி வாச்சர் பாஸ்கல் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கேட் பக்கத்து நாற்காலியில், குல்லாயைக்கூடக் கழற்றாமல், உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு.

ஜிபி பட்டையை அவிழ்த்தாள். "பிரஷர் நல்லா கட்டுக்குள்ள இருக்கு, அம்மச்சி. இதயமும் நல்லா இருக்கு. சந்தோஷப்படுங்க."

கத்தரீனாளின் முகம் சுருங்கியது.

"அதைக் கேக்கத்தான் வந்தேன். சர்ச்சுல கேம்ப் போட்டப்ப, அவரை மாதிரியே எனக்கும் பிரஷர்னு சொன்னாங்க. அன்னையிலருந்து ரெண்டு பேருக்கும் மாத்திரை. ஒரே கஞ்சி, ஒரே உப்பு. எனக்குக் கேட்ட மருந்து அவருக்கு ஏன் கேக்கல?"

"எல்லா உடம்பும் ஒண்ணு போல இல்லையே. உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு?"

கத்தரீனாள் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"கல்யாணம்னு ஒண்ணு நடக்கல டாக்டரம்மா. அவரோட மொத சம்சாரம் அவரை விட்டுட்டுப் போயிருச்சு. எங்கயோ உசுரோட இருக்கு. அது இருக்கையில எங்களுக்கு சர்ச்சுல எப்படிக் கல்யாணம் வைப்பாங்க? நான் வண்டன்மேட்டுல ஏலக்கா தரம் பிரிச்சுக்கிட்டு இருந்தவ. 'சாமி முன்னாடி இல்லாட்டியும் எஸ்டேட்லயாவது என்னை உங்க சம்சாரம்னு பதியணும். அப்பத்தான் வருவேன்'னு நின்னேன். 'பதிஞ்சாச்சு, கெளம்பு'ன்னு ஜீப்போட வந்து நின்னாரு."

சொல்லும்போது அவள் குரலில் சின்னதாக ஒரு பெருமை வந்து போனது. பிறகு, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"லயத்து வீட்டுப் பொம்பளைங்க என்னென்னமோ பேசுறாங்க. முறையில்லாத சேர்க்கையாம். அதான் அவரு நெஞ்சை அடைச்சிருச்சாம். நெசமா டாக்டரம்மா? நான் வந்ததாலயா அவரு போனாரு?"

ஜிபி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துணையோட இருக்கிறவங்களுக்கு இதயம் கொஞ்சம் கூடுதலாத் தாங்கும்னுதான் நாங்க படிச்சிருக்கோம். கல்யாணத்தை யார் நடத்தினாங்க, எங்க பதிஞ்சாங்கன்னெல்லாம் இதயத்துக்குத் தெரியாது, அம்மச்சி."

கத்தரீனாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவ்வளவு ஏற்றம் ஏறி வந்தவள் போல மூச்சு விட்டாள். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள்.

"இது அவரோடது. மிச்சம் கெடக்கு. யாருக்காச்சும் ஆகுமேன்னு கொண்டாந்தேன். எங்களுக்கு ஆளுக்கொரு டப்பா. இதை என்னைத் தொடவே விடமாட்டாரு."

"மருந்து ஜன்னல்ல குடுத்துடுங்க. உங்களுக்கு அதே மாத்திரையை வாங்கிக்குங்க."

ஜன்னலுக்குள் கம்பவுண்டர் மோகனசுந்தரம் இருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"ஏங்க்கா, இந்தக் குளிர்ல நீங்க எதுக்கு ஏறி வந்தீங்க?"

"அவரு இருந்தவரைக்கும் விட்டாரா? 'உனக்கு மூச்சு வாங்கும், நானே வாங்கியாறேன்'னு ரெண்டு பேரு மருந்தையும் அவருதான் வாங்கியாருவாரு. இனிமே யாரு இருக்கா? என் டப்பா நேத்தோட காலி. என் பேருக்குள்ளதைக் குடுங்க தம்பி."

மோகனசுந்தரத்தின் கை, மருந்துக் கவரை எடுக்கப் போய், அப்படியே நின்றது.

"உங்க பேருக்கா?"

"ஆமா. கத்தரீனாள். பாஸ்கல் சம்சாரம்."

பின்னால் நின்றவர்களைப் பார்த்துவிட்டு, அவர் ஜன்னல் கம்பிக்கு அருகில் குனிந்தார்.

"அக்கா... இங்க மருந்து எஸ்டேட்ல பேரு பதிஞ்சவங்களுக்கு மட்டுந்தான். உங்க பேரைச் சேக்கச் சொல்லி அண்ணன் ஆபீஸுக்கு நடையா நடந்தாரு. மொத சம்சாரம் இருக்கையில முடியவே முடியாதுன்னுட்டாங்க. வெளிய தெரிஞ்சா நீங்க வண்டன்மேட்டுக்கே போயிருவீங்கன்னு, யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு."

கத்தரீனாள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப என் மாத்திரை?"

"உங்களை டவுன்ல சர்க்கார் ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிப் பாத்தேன். 'எஸ்டேட்ல குடுக்குறப்ப அங்க எதுக்குன்னு அவ கேப்பாளே'ன்னாரு." அவர் குரல் இன்னும் தணிந்தது. "எப்படியோ சமாளிச்சுக்கிறேன்னாரு. நானும் விட்டுட்டேன். இங்கேருந்து மாசம் ஒரு பாக்கெட்டுதான் போச்சுக்கா. அவரு பேருக்கு மட்டும்."

அவள் பாஸ்கலின் டப்பாவைத் திறந்து, வட்டமாய் வெள்ளையாய் இருந்ததில் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தாள்.

பெட்டிக்கடைப் பெப்பர்மிண்ட்டின் குளிர்ச்சி வாயெல்லாம் பரவியது, இனித்தது.