சளி பிடிக்காத தண்ணீர்

பையை யாரிடம் கொடுப்பது?

ஐந்தருவியின் இரைச்சலுக்கு நடுவே அவள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தலையில் எண்ணெய். தோளில் பை. பைக்குள் விடுதி அறையின் சாவி, போன், மாற்றுப் புடவை.

காலையில்தான் எழுதி முடித்திருந்தாள். வார இதழ் ஒன்றின் விடுமுறைச் சிறப்பிதழுக்கு, தனியாகச் சுற்றுலா போகும் பெண்களுக்கான குறிப்புகள்.

மங்குஸ்தான் பழத்தை அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். கல்லாக இருந்தால் வேண்டாம்.

காவலர் விசில் ஊதினால் ஆசைக்கு இன்னும் கொஞ்சம் என்று நிற்காதீர்கள்.

இது மூலிகைத் தண்ணீர். எவ்வளவு நேரம் நின்றாலும் சளி பிடிக்காது.

தனியாகப் போவதில் ஒரு கஷ்டமும் இல்லை.

நாற்காலியில் சாய்ந்து, காபியைக் குடித்துக்கொண்டே எழுதும்போது எல்லாம் சுலபம்தான்.

கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டுப் போகலாமா என்று பார்த்தாள். கம்பியின் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தது. சரி, போய்க் குளி, நான் இருக்கிறேன் என்பதுபோல் ஒரு பார்வை.

அவள் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வி வந்ததே இல்லை. அவர் இருந்தார்.

கல்யாணமான வருடத்திலிருந்து ஒரு சாரல் சீசன் தவறியதில்லை. மதுரையிலிருந்து முதல் பஸ். அருவிக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டுவாள். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பை, துண்டு, செருப்பு எல்லாம் ஒவ்வொன்றாக அவர் கைக்குப் போகும்.

"நீ போ. எனக்குச் சளி பிடிச்சுக்கும்."

வருடா வருடம் இதே பாட்டு.

அவளும் சும்மா விடமாட்டாள். நாலு பேர் கூடிய இடத்தில் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். குற்றாலத்துக்கு வந்து, ரூமில் வெந்நீர் போட்டுக் குளிக்கிற ஒரே ஆள் எங்கள் வீட்டுக்காரர்தான். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அவர் இறந்தபின் வந்திருக்கும் முதல் சாரல் இது.

தனியா எதுக்கும்மா என்று மகன் போனில் கேட்டான். காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் அழுகையே வரவில்லை. வீட்டில் எந்நேரமும் யாராவது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தண்ணீருக்குக் கீழே போய் நின்றால் வந்துவிடும் என்று தோன்றியது. அங்கே யாருக்கும் தெரியாது.

அதற்காகத்தான் வந்தாள். குறிப்பு எழுதுவதெல்லாம் ஒரு சாக்கு.

பெண்கள் பக்கம் யாரோ வீலென்று கத்திச் சிரித்தார்கள். தண்ணீர் பத்தடி தூரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

படிக்கட்டு ஓரமாக ஆண்கள் நின்றிருந்தார்கள். குளிக்காத ஆண்கள். ஒருவர் தோளில் பூப்போட்ட துண்டு. ஒருவர் விரல்களில் குழந்தையின் செருப்பு. பெரிய மீசைக்காரர் ஒருவரின் முழங்கையில் முத்து வைத்த கைப்பை தொங்கியது.

இப்படி நிற்பவர்களை இதற்கு முன் அவள் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பாள்? கண்ணாடி அவர் சட்டைப் பையில் அல்லவா இருக்கும்.

கூச்சத்தை விட்டுவிட்டு மீசைக்காரரிடம் போனாள்.

"அண்ணாச்சி, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்குவீங்களா? ஒரு முழுக்குப் போட்டுட்டு ஓடி வந்திடறேன்."

"குடுங்கம்மா. வீட்டம்மாவும் பிள்ளைகளும் அங்கனதான் குளிக்காவ. நான் இங்கனதான் நிப்பேன்."

கை நீட்டிப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் குளிக்க ஆகாது. சளி பிடிச்சிரும்."

அவள் வாரை விடவில்லை.

மறுமுனையை அவர் பிடித்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் பை தொங்கியது.

"இது மூலிகைத் தண்ணியாச்சே," என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். "இதுல சளி பிடிக்காதே, அண்ணாச்சி."

அவர் மீசைக்குள் லேசாகச் சிரித்தார். பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு முத்து வைத்த கைப்பையைச் சரியாக ஏற்றிப் போட்டுக்கொண்டார்.

அவள் வீட்டுக்காரரும் இப்படித்தான் நின்றிருப்பார்.

சட்டையெல்லாம் ஈரமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வருடமும். அவள் குளித்துவிட்டு வந்து கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, குளிக்காமலே நனைஞ்சுட்டீங்களே என்று சிரிப்பாள். சாரல் அடிச்சுது என்பார். எவ்வளவு கிட்டே வந்து நின்றிருந்தால் அவ்வளவு நனைந்திருக்கும்?

அவள் தன் பையை இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"குடுங்க. நான் வச்சிருக்கேன். நீங்க போய்க் குளிங்க."

இத்தனை சாரலில் ஒரு தடவைகூட அவள் சொல்லாதது. சொல்ல ஒன்றும் சிரமமாக இல்லை.

"இல்லம்மா, வேண்டாம், எதுக்கு..."

வாய்தான் சொன்னது. கை அதற்குள் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கியிருந்தது.

கைப்பை வந்தது. சட்டை வந்தது. கடிகாரம் வந்தது. கடைசியாக, கொஞ்சம் யோசித்து, மூக்குக் கண்ணாடி.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் பக்கம் ஓடினார்.

சளிக்குப் பயந்தவர் ஓடுகிற ஓட்டம் இல்லை அது.