பார்க் அவென்யூ சம்பந்தம்

டாக்ஸி ஓட்டும் கிளெம், தொப்பியைக் கையில் பிடித்தபடி, நியூயார்க்கின் பணக்காரத் தெருவான பார்க் அவென்யூவில் ஒரு மாளிகையின் கூடத்தில் நின்றான். அவன் பெண் கேட்டு வந்திருந்த ஹேசலின் அப்பா பட்டு அங்கியோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தார்.

"எம்பொண்ணை எங்க பார்த்தே?"

"என் டாக்ஸியிலங்க ஐயா. மழைக்கு ஏறினாங்க."

"கட்டிக்கிட்டு எங்க குடிவைப்பே?"

"புரூக்ளின்ல ஒரு ரூம் இருக்குங்க."

"இங்க நாய்க்கே தனி ரூம் இருக்கு. ஊரே வேலையில்லாம தெருவுல நிக்குது, உனக்குப் பணக்காரப் பொண்ணு கேக்குதா?"

கிளெமுக்குக் காது சிவந்தது. "அவங்க ஏழையா இருந்தாலும் கட்டிக்குவேங்க."

"எல்லாரும் சொல்றதுதான். கிளம்பு."

அவன் திரும்பி நடந்தான். அதற்குள் ஹேசல் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அப்பா, முதலாளியம்மா ஊர்லேருந்து முன்னாடியே வந்துட்டாங்க. கார் வாசல்ல நிக்குது."

அவர் பதறாமல் சுருட்டை அணைத்தார். பட்டு அங்கியைக் கழற்றி அழகாக மடித்து வைத்தார். உள்ளே சமையல்காரரின் வெள்ளை உடுப்பு இருந்தது.

கிளெம் ஹேசலைப் பார்த்தான். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"அப்ப, இப்ப நான் பொண்ணு கேக்கலாமுங்களா?" என்றான் கிளெம்.

"முன்வாசல் நமக்கில்லீங்க மாப்ளே," என்றார் அவர். "சமையல்கட்டுப் பக்கமா வாங்க. உருளைக்கிழங்கு உரிக்க ஆளில்ல."