வெள்ளை எழுத்து

"எவ்வளவு குடுத்தாங்க, சாக்?"

சலவைப் பிரிவு யூலி எல்லோர் முன்னாலும் கேட்டாள். 'சாக்' என்றால் எங்கள் ஊரில் அண்ணன்; அவள் கேட்டது எங்கள் சங்கத் தலைவர் முனிப்பை. அவர் மருத்துவமனை வாசலில் விரித்திருந்த தார்ப்பாயில் உட்கார்ந்து, காபியைச் சாஸரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார்.

கேட்டதில் நியாயம் இருந்தது. காலை முழுதும் முழங்கிய எங்கள் ஒலிபெருக்கி மதியத்திலிருந்து ஊமை. வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து நிர்வாகம் கேட்டது அந்த ஒன்றைத்தான். போலீஸை அனுப்பிக் கேட்டார்கள். பள்ளிவாசல் பெரியவரை அனுப்பிக் கேட்டார்கள். மசியாத முனிப், இன்று தன் கையாலேயே அதை நிறுத்திவிட்டார்.

"சூடாயிடுச்சு. ஆறட்டும்" என்றார்.

"எது சூடாச்சு? ஒலிபெருக்கியா, உங்க பாக்கெட்டா?"

தார்ப்பாய் முழுதும் சிரித்தது. சங்கத்துக்காகச் சிறைக்குப் போய் வந்த மனிதரைப் பார்த்து அப்படிச் சிரித்தோம்.

இன்று மதியம்தான் திடீரென்று மின்சாரம் போயிருந்தது. திரும்பி வந்தபோது இடி மாதிரி வந்தது. எங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எதிர்ச்சாரி சோத்தோ சூப் கடையில் பல்பு ஒன்று வெடித்தது. மருத்துவமனைக்குள் கணினிகளில் விளக்கு எரிந்தது, ஆனால் ஒன்றும் வேலை செய்யவில்லை. நோயாளிகளின் குறிப்புகள் எல்லாம் வெளியே எங்கோ ஒரு கணினியில் இருக்கின்றன. அங்கே போகும் இணைய வழியில் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டி எழுந்திருக்க மறுத்துவிட்டது. பிரசவ வார்டில் ஒருத்திக்கு இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. அவளுக்கு எந்த மருந்து ஆகாது என்று பார்க்க முடியவில்லை என்று நர்ஸ் ஒருத்தி வாசல்வரை ஓடி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

பின்னாலேயே மருத்துவமனையின் துணை இயக்குநர் ஹெர்தந்தோ விவிக்கைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். விவிக் எழுந்தாள். அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். நிரந்தர வேலை கேட்டதற்காக வெளியே தள்ளப்பட்டு எங்களோடு உட்கார்ந்திருந்தவளும் அவள்தான்.

"போனா அப்படியே போயிடு! இங்க வராதே!" என்று தார்ப்பாயிலிருந்து ஒரு குரல் வந்தது.

போனாள்.

கணினி அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. ஹெர்தந்தோவுக்குப் பளபளக்கும் ஷூவைக் கழற்ற மனமில்லை. நிலைப்படியில் நின்றே அதிகாரம் செய்தாராம்.

விவிக் பெட்டியை வேறு பிளக்கில் மாட்டிப் பார்த்தாள். வயரை மாற்றிப் பார்த்தாள். பொட்டு வெளிச்சம் இல்லை. குனிந்து மோந்து பார்த்தாள்.

"என்ன, செத்துடுச்சா?"

"சாகல, பாக்" என்றாள், ஐயா என்பதற்குரிய அந்த மரியாதைச் சொல் மாறாமல். "ஒரு சாமான் கருகியிருக்கு. மாத்தினா போதும்."

"கொள்முதல் பிரிவுக்கு எழுதிக் குடு. சுரபாயாலேர்ந்து வரட்டும்."

"அந்தப் பொண்ணு அதுவரைக்கும் தாங்குமா?"

"அதை டாக்டரைக் கேளு."

விவிக் வாசலுக்கு வந்தாள். முனிப்பின் காதில் ஏதோ சொன்னாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

இந்தத் தடவை பெட்டியில் விளக்கு எரிந்தது. ஆனால் பாதியில் நின்றது. ஏதோ எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனதால் உள்ளே இருந்த பதிவு குழம்பிக் கிடந்தது. மடிக்கணினியை இணைத்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளும்படி அதற்குக் கட்டளை கொடுத்துவிட்டு, நகத்தைக் கடித்தபடி காத்திருந்தாள். கடைசியில் எழுந்தது. வார்டுகளில் திரைகள் உயிர் பெற்றன.

அவள் திரும்பி வந்தபோது தார்ப்பாயில் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.

"அவங்க பெட்டி வாயைத் திறந்துச்சு, நம்ம பெட்டி வாயை மூடிச்சு. கூட்டிக் கழிச்சுப் பாருங்க!" என்றாள் யூலி.

விவிக் ஏதோ சொல்ல வந்தாள். முனிப் கண்ணைக் காட்டி, தாழ்ந்த குரலில் அடக்கினார்.

"இங்க தும்மினா மூணாம் மாடில நிர்வாகத்துக்குக் கேக்கும். சும்மா இரு."

அந்த நேரம் ஹெர்தந்தோ காவலாளிகளோடு வாசலுக்கு வந்தார். முகத்தில் பெருநாள் களை.

"சத்தம் நின்னுச்சு. சந்தோஷம். மிச்சத்தையும் சுருட்டுங்க. வளாகத்துக்குள்ள சங்கத்து சாமான் ஒண்ணு இருக்கக் கூடாது. சுகெங்! வெள்ளை எழுத்து எதுல இருந்தாலும் சரி, என்னைக் கேக்காம வெளிய எறி. ஒரு ரூம் விடாதே!"

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் தட்டிலும் நாற்காலியிலும் தெருவின் பெயர் எழுதாமல் விடமாட்டார்கள். முனிப்புக்கும் அந்தப் பழக்கம். சங்கத்துக்கு எது வந்தாலும் வெள்ளை பெயின்டில் சங்கத்தின் பெயரை எழுதிவிடுவார். குட்டித் தூக்கம் போட்டால் நம் நெற்றியிலும் எழுதிவிடுவார் என்று கிண்டல் செய்வோம்.

சுகெங்கும் மற்ற காவலாளிகளும் உள்ளே புகுந்தார்கள். சலவை அறையிலிருந்து கெட்டில் வந்தது. தொழுகை அறையிலிருந்து பாய் வந்தது. ஒவ்வொன்றும் எங்கள் காலடியில் விழுந்தது.

"எறிங்க, பாக்" என்றார் முனிப். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் உக்காருவோம். ரோடு உங்க அப்பன் வீட்டு முற்றமில்ல."

"ஒலிபெருக்கி இல்லாம எவன் கேப்பான் உன் பேச்சை?"

ஹெர்தந்தோ சிரித்தார். யூலி முனிப்பை முறைத்தாள்.

சுகெங் உள்ளேயிருந்து வெறுங்காலோடு ஓடி வந்தான்.

"பாக்! கம்ப்யூட்டர் ரூம்லயும் ஒண்ணு இருக்கு. அந்த ஃபயர்வால் பெட்டிக்குக் கரண்ட் குடுக்குதே, கறுப்பு அடாப்டர், அதுல வெள்ளை எழுத்து. இவங்க ஒலிபெருக்கியோடது. பிடுங்கி எறிஞ்சிடவா?"

ஹெர்தந்தோவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. யூலி முனிப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

முனிப் சாஸரைக் கீழே வைத்தார்.

"அதை மட்டும் தொடாதே, சுகெங். உள்ள படுத்திருக்கிறவங்க எங்க ஆளுங்க. எங்களுக்குத் தொண்டை இருக்கு."