கங்காணியின் பஞ்சப்பாட்டு

மலாயாவின் கிள்ளான் ரப்பர் தோட்டத்து அரிசிக் கிடங்கு வாசலில் நின்றவர்கள்: சாவிக்கொத்தோடு கங்காணி அய்யாவு, வெறும் சாக்கோடு பேச்சாயி, அவளுக்குப் பின்னால் ரப்பர் மரங்களில் பால்வெட்டும் பெண்கள்.

பேச்சாயி வீட்டு அடுப்பு நேற்றிலிருந்து எரியவில்லை.

“ரப்பர் விலை விழுந்துபோச்சு. துரை அரிசி அனுப்பல. நானே கஞ்சிதான் குடிக்கிறேன்” என்றார் அய்யாவு.

“பஞ்சப்பாட்டா, கங்காணியாரே? தாது வருசப் பஞ்சத்துல எங்க ஆத்தா வீடு வீடாப் பாடித்தான் கஞ்சி வாங்குச்சு. முதல்ல வெறுங்கலயத்தைக் கவிழ்த்துக் காட்டணும். அப்புறந்தான் பாட்டு. நீங்களும் காட்டுங்க.”

“திமிரைப் பாரு!” அய்யாவு பூட்டைத் திறந்து சாவியோடு கொண்டியில் தொங்கவிட்டு, சிரித்தபடியே உள்ளே போனார். “வந்து பாருடி. ஒரு மணி அரிசி இருக்கா?”

“எப்படி இருக்கும்? நேத்து எல்லா மூட்டையையும் உங்க வீட்டுக்குச் சுமந்தது எங்க வீட்டுக்காரருதானே?”

சிரிப்பு நின்றது.

“பேச்சாயி... இந்தா புள்ள...”

“உங்க வீட்டுக்குத்தான் போறோம். நாங்களே அளந்துக்கிறோம்.”

அவர் வாசலுக்கு ஓடி வருவதற்குள் பேச்சாயி கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.