மாதம் ஒரு வாஷர்

மூன்றாவது மாதமாக, அதே முதல் வாரத்தில், பாய்லர் நின்றுபோனது.

மண்டபத்து நண்டு கம்பெனியில் பாய்லர் நின்றால் எல்லாமே நின்ற மாதிரிதான். ஆவியில் வேகாத நண்டிலிருந்து சதை எடுக்க முடியாது. வந்த சரக்கை அடுத்த கம்பெனிக்குத் திருப்பிவிட்டு, இன்றைக்கு வேலை இல்லை என்று பெண்களிடம் சொன்னான் மேனேஜர் முத்தழகு. பாதிப் பேருக்கு மேல் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிறவர்கள். கூலி போச்சே என்று ஒருத்தியும் முனகாமல் விறுவிறுவென்று கிளம்பிப் போனார்கள். அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

தூத்துக்குடியிலிருந்து முதலாளி போனில் வாங்கு வாங்கென்று வாங்கினார். யாரோ வேண்டுமென்றே செய்கிறான், சாயங்காலத்துக்குள் ஆளைக் கண்டுபிடித்துப் போலீசில் எழுதிக் கொடு, இல்லாவிட்டால் உன் சொந்த ஊர் முதுகுளத்தூருக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடு என்றார்.

பாய்லருக்கு டீசல் போகிற குழாயைக் கழற்றிப் பார்த்தான் முத்தழகு. இணைப்பில் இருந்த ரப்பர் வாஷர், ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, நடு ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு ராமநாதபுரத்துக்கு பைக்கை விட்டான்.

ரப்பர் கடை சதக் பாய் வாஷரை நகத்தால் கிள்ளிப் பார்த்தார்.

"தம்பி, இது சைக்கிள் ட்யூப்ப வெட்டுனது. ட்யூப் ரப்பரு டீசலக் குடிக்கும். மூணு நாள்ல ஊதிப்போயிரும். டீசல் லைனுக்கு நைட்ரைல்தான் போடணும். அது ஃபேக்டரியில செய்யிற ரப்பரு, மரத்துப் பாலு கெடையாது. எண்ணெயிலயே கெடந்தாலும் சட்டை பண்ணாது. வீட்டு கேஸ் ட்யூப்புக்கு உள்ள இருக்கே, அந்தச் சாதி."

இது தெரியாத மெக்கானிக்கும் உண்டா என்று முத்தழகு கேட்டான். யார் மெக்கானிக் என்று பாய் கேட்டார். முகாமில் இருக்கும் செல்வராசா அண்ணன் என்றதும் அவர் சிரித்துவிட்டார்.

"அவருக்கா தெரியாது? நைட்ரைல் ஷீட்ட எங்கிட்டதான வாங்கிட்டுப் போறாரு."

அப்புறம் என்ன சந்தேகம்? மாதா மாதம் சர்வீஸ் பார்க்க வருகிற மனுஷன், மூன்றாம் நாள் பழுதாகிற மாதிரி ஒன்றை மாட்டிவிட்டுப் போகிறார். மறுபடி அவரைத்தானே கூப்பிட்டுக் கூலி கொடுக்க வேண்டும்? அறுபதை நெருங்கும் ஆள். அவன் ஒரு நாளும் மரியாதை குறையாமல் நடத்திய ஆள். அதுதான் முத்தழகுக்குத் தாங்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் வண்டியை விரட்டினான்.

செல்வராசா பாய்லர் பக்கத்தில் குந்தியிருந்து புது வாஷரை மாட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நைட்ரைல்.

"அண்ணே, டீசலுக்கு ஆவாதுன்னு தெரிஞ்சேதான அதப் போட்டீக?"

"ஓம் தம்பி. தெரியும்."

"எதுக்கு?"

"பிழை என்ர. வேறை ஒண்டும் கேக்காதேங்கோ."

போலீசுக்கு எழுதப் போகிறேன் என்றான் முத்தழகு. முகாம் ஆள் மேல் ஒரு கேஸ் விழுந்தால் என்ன பாடு என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஸ்பேனர் பிடித்திருந்த கை ஒரு நிமிஷம் நின்றது, பிறகு மறுபடி திருகியது. கெஞ்சியிருந்தால்கூட அவனுக்கு மனசு இளகியிருக்கும். மனுஷன் வாஷரை மாட்டுவதிலேயே குறியாக இருந்தார்.

ஆபீசுக்கு வந்து புகாரில் பாதி எழுதியிருப்பான். காலையில் போன முகாம் பெண்கள் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். பாய்லர் சரியாகிவிட்டதா, மிச்ச நேரத்துக்கு வேலை இருக்கிறதா என்று அவர்களில் ஒருத்தியான நிசாந்தினி கேட்டாள். கேட்கும்போதே அவள் கண் மேசை மேலிருந்த காகிதத்தில் விழுந்தது. செல்வராசாவின் பெயரைப் படித்தவளுக்கு முகம் வெளிறிப்போனது.

"சேர், அந்த மனுசன்ர பேரை எழுதாதேங்கோ. இண்டைக்கு முகாமில செக்கிங். மாசத்தில ஒருநாள் எல்லாரும் நேரில நிக்கோணும். நிக்காட்டி பதிவில இருந்து பேர் போயிடுமோ எண்ட பயம் எங்களுக்கு. அரை நாள் லீவு கேட்டனாங்கள். முதலாளி விடமாட்டார், வராட்டி வேலை இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

சொன்னான்தான்.

"அதுக்குப் பிறகுதான் சேர், செக்கிங் நாள் பாத்துப் பாய்லர் நிக்கத் தொடங்கினது."

முத்தழகுக்கு அவமானமாக இருந்தது. அன்றைக்கு அவன் முதலாளியிடம் கேட்கவே இல்லை. கேட்டால் திட்டுவாரே என்று தானாகவே இல்லையென்று சொல்லி அனுப்பியிருந்தான்.

போன் அடித்தது. முதலாளிதான்.

முகாம் பெண்களுக்கு மாதத்தில் ஒரு அரை நாள் லீவு விடலாமா என்று முதலில் கேட்டான். அந்தப் பேச்சே வேண்டாம் என்று வெட்டிவிட்டார் அவர். ஆள் யார், எழுதிக் கொடுத்தாயா இல்லையா, அதைச் சொல் என்றார்.

பாய்லர் வேலையை முடித்துவிட்டு வந்த செல்வராசா வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பாதி எழுதிய காகிதத்தை முத்தழகு கைக்குள் கசக்கினான்.

"ஆளெல்லாம் யாரும் இல்ல சார், ரப்பருதான் கோளாறு. என்னதான் ஒசத்தியா வாங்கிப் போட்டாலும், இங்கன அடிக்கிற உப்புக்காத்துக்கு மாசம் ஒருக்கா போயிரும்ங்குறாக."